கொல்லிமலை மலையாளிகள்: அவர்தம் தோற்றமும் வரலாறும்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தே, பேளுக்குறிச்சி என்னும் ஊர் உளது. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் சொல்லென நிகண்டு பயின்றார் அறிவர். இம்மலையடியில் முள்ளுக்குறிச்சி முதலாக அப்பெயர் பூண்ட ஊர்கள் வேறும் உள. மலையும் சமவெளியும் ஒன்றையொன்று தொடும் எல்லையில் இப்பெயர்கள் நின்று நிலவுதல் பொருத்தமேயாம். பேளுக்குறிச்சியின் சனிக்கிழமைச் சந்தை மிளகு, சீரகம், கடுகு முதலிய மளிகைச் சரக்குகளுக்குப் பெயர்பெற்றது. ஓராண்டுக்கு வேண்டுவனவற்றை ஒருசேர வாங்கிச் செல்லும் பொருட்டுத் தொலைவூர்களினின்றும் குடும்பத்தோடு இங்கு வருவார் பலர். அவர்கள் மிளகைக் கையிலெடுத்து முகர்ந்து பார்ப்பார்கள்; விலை பேசுவார்கள்; மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். அம்மிளகை மலைமேல் விளைவித்தவர் யாவர், அவர் எங்கிருந்து எப்போது அம்மலைக்கு வந்தார் என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவையே யாம் இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

கொல்லிமலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாள நாட்டிற்கும் இவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். இவர்கள் பேசுவது தமிழ். தமிழன்றி வேறு தாய்மொழி இவர்க்கு இல்லை. ஒலிப்பிலும் சில சொற்களிலும் சமவெளித் தமிழினின்று சிறிது வேறுபடினும், கேட்பார்க்கு விளங்காத மொழியன்று அது. சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் இப்பெயருடைய மக்களே வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் தொகையால் மிக்கவர் இவர்களே. மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர். கொல்லிமலையில் மட்டும் ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் உளர். இத்துணைப் பெருந்தொகையினரான ஒரு மக்களினத்தைப் பற்றி நம்மனோர் அறிந்தது, அவர்தம் பெயர் கேட்டுக் கேரளத்தாரோ என்று ஐயுறும் அளவினதாய் இருப்பது வருந்தத்தக்கதே.

இனி அவர்தம் தோற்றம் பற்றி அவரே கூறிக்கொள்வதனை முதற்கண் கேட்போம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்க அலுவலர்கள் தொகுத்த மாவட்ட நூல்களிலும், 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் அக்கதைகள் பதியப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று வருமாறு: இம்மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்து வேளாளர், தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன், அந்நகர் நீங்கி மலைகளை அடைந்தனர். உடன்வந்த அண்ணன் தம்பியர் மூவருள் மூத்தவன் சேர்வராயன் மலையையும், நடுவுள்ளவன் கொல்லிமலையையும், இளையவன் பச்சைமலையையும் தமக்கு இடமாகக் கொண்டனர். இதனாலேயே சேர்வராயன் மலையார் பெரிய மலையாளிகள் என்றும், கொல்லிமலையார் சின்ன மலையாளிகள் என்றும் வழங்கப்பட்டனர் என்ப.

மற்றொரு வழக்கில், காஞ்சியில் இருக்க மனம் பொருந்தாது வெளியேறிய கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்பற்றிப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தத்தம் குடும்பத்தோடு புறப்பட்டனர். சேலம் நாட்டை அடைந்தபின் அவர்கள் வழி பிரிந்தனர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் மஞ்சவாடிக்கும் சென்றனராம். முற்கூறிய கதையோடு இது முற்றும் ஒவ்வாமை வெளிப்படை. யார் எம்மலைக்குச் சென்றார் என்பதில் இரண்டும் மாறுபடுகின்றன. ஏன் சென்றார் என்பதிலும் மாறுபடுகின்றன. காஞ்சி என்பதிலும், உடன்பிறந்தார் மூவர் என்பதிலும், மூத்தவன் சேர்வராயன் மலைக்குச் சென்றான் என்பதிலும் மட்டுமே ஒன்றுபடுகின்றன.

சவ்வாது மலையில் வழங்கும் கதையே இவையனைத்தினும் சுவை மிக்கது. அதனைச் சற்று விரித்தே கூற விழைகின்றோம். சக ஆண்டு 1055இல், அஃதாவது கிறித்து பிறந்த பன்னிரண்டாம் நூற்றாண்டில், கங்குந்தி வேடர்கள் காஞ்சியிலிருந்த காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். வேடர் சினங்கொண்டு வேளாளக் கன்னியர் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவரை மீட்டற்கு வேளாள இளைஞர் எழுவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். புறப்படுமுன் தம் மனைவியரிடம், ‘நாய்கள் மட்டும் திரும்பி வருமாயின் யாம் மாண்டோமென்று கொண்டு எமக்கு இறுதிக் கடன்களைச் செய்துவிடுக’ என்று சொல்லிச் சென்றனர். பாலாற்றங்கரையை அடைந்தபோது ஆற்றிலே வெள்ளம் பெருகிற்று. இளைஞர் அரும்பாடுபட்டு அக்கரை சேர்ந்தனர். நாய்களோ பாதி ஆறு நீந்தியபின் அஞ்சித் திரும்பிக் காஞ்சிக்கே ஓடின. எழுவரும் வேடரைக் கொன்று பழிதீர்த்து ஊர் மீண்டபோது, தம் மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டிருக்கவும், தமக்கு ஈமக்கடன் முடிந்திருக்கவும் கண்டனர். இறந்தாராகக் கருதப்பட்டவரை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் மீண்டும் மலைநாடு நோக்கி நடந்து, வேடர் குலப் பெண்டிரையே மணந்து, சவ்வாது மலையேறி உழவு செய்து வாழ்ந்தனர். அவர் வழிவந்தோரே மலையாளிகள் என்பது அக்கதை.

உயிரோடிருப்பவன் தன் ஊரிலே செத்தவனாக எண்ணப்படும் நிலைமையை இத்துணை எளிமையாகவும் கூர்மையாகவும் கூறும் கதை பிறிதொன்றை யாம் படித்ததில்லை. காப்பியம் பாடவல்லார்க்கு இது நல்ல கரு. நிற்க.

இக்கதைகளை வரலாறு என்று கொள்ளலாமா? காலக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தலைமுறை ஒன்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு வரை வைத்தால், பத்துத் தலைமுறை என்பது இருநூற்றைம்பது முதல் முந்நூறு ஆண்டுகளாகும். கதை எழுதப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவ்வளவு காலம் பின்னோக்கிச் செல்லின் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளை அடைவோம். அப்போது காஞ்சி விசயநகர மரபினரின் ஆட்சியில் இருந்தது. பீசப்பூர், கோல்கொண்டாப் படைகள் இப்பக்கம் வந்தது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். மாலிக் காபூர் படையெடுப்போ 1311இல் நிகழ்ந்தது. அதற்குப் பத்துத் தலைமுறை போதாது. சவ்வாது மலைக் கதை கூறும் சக ஆண்டு 1055ஓ சோழப் பேரரசின் காலம். அக்காலத்துக் காஞ்சியில் முகம்மதியர் ஆட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஒரு கதைக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு வேறுபாடு காண்கின்றது. மேலும், வேற்றரசன் கொடுமைக்கு அஞ்சி ஊர் துறந்து, ஆற்றைக் கடந்து, புதுநிலம் புகுந்தோம் என்னும் கதையமைப்பு தமிழ்நாட்டில் குடியேறிய தெலுங்குக் குலத்தார் சிலரிடத்தும் வழங்குகின்றது. தொட்டிய நாயக்கர் கதையில் ஆற்றங்கரைப் புங்கமரங்கள் வளைந்து பாலமாயின. மலையாளிகள் கதையிலோ மரம் வளையவில்லை, நாய்கள் திரும்பிவிட்டன. பல குடிகளுக்குப் பொதுவாய் வழங்கும் கதைச் சட்டம் ஒன்றினுள் இவரும் தம் நினைவுகளைப் பொருத்திக் கொண்டனர் என்பதே எமக்குத் தோன்றுகின்றது.

இனி, கொல்லிமலை இக்கதைகளுக்கு முன் ஆளற்ற மலையாக இருந்ததா என்பதை நோக்குவோம். தமிழ் பயில்வார்க்கு விடை கையிலேயே உள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலைக்குத் தலைவன். வன்பரணர் அவனைப் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆவதாக நிற்கின்றது; ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவிய செய்தி அதில் வருவது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதும் சங்கச் செய்யுள்களால் தெரிகின்றது. பின்னர் பதிற்றுப்பத்தில் கொல்லிக் கூற்றம் என்ற நாட்டுப் பெயரையும் காண்கின்றோம். கொல்லிப்பாவை என்னும் அணங்குருவைப் பாடாத பழந்தொகை அரிது. தேவாரத்துள் கொல்லி அறப்பள்ளி பெயரளவில் வந்துள்ளது. குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லிக்குக் காவலர் என்கின்றார். அறப்பள்ளி ஈசுவரர் கோயில் இன்றும் வளப்பூர் நாட்டில் உளது. அதன் அருகே ஆகாயகங்கை அருவி வீழ்கின்றது. தினை விதைத்தும் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த குறவரும் வேட்டுவரும் சங்கப் பாடல்களில் இம்மலைச் சாரலெங்கும் நிறைந்துள்ளனர். அண்டையிலுள்ள சேர்வராயன் மலையிலோ புதிய கற்காலத்துக் கற்கோடரிகள் பல கிடைத்துள்ளன. அவற்றைக் கோயில்களில் வைத்துப் போற்றும் வழக்கமும் அங்கு உண்டு. ஆதலின் காஞ்சியிலிருந்து எவரேனும் வந்திருப்பின், ஆளற்ற காட்டுக்கு அவர் வரவில்லை; ஆட்கள் வாழ்ந்த மலைக்கே வந்தார் என்பது உறுதி.

அவ்வாறாயின் முன்னிருந்த மக்கள் என்னவாயினர்? அவர்கள் மாய்ந்து போயினர் என்று கூற ஒரு சான்றும் இல்லை. விடை கதையினுள்ளேயே மறைந்து கிடக்கின்றது. சவ்வாது மலை இளைஞர் எழுவரும் மணந்தது வேடர் மகளிரை. கொல்லிமலைப் பக்கத்தில் வழங்கும் வேறொரு வழக்கிலும், அண்ணன் தம்பியர் மூவரும் மலைக்கு வந்தபின் வேடர், கைக்கோளர் முதலிய குலப் பெண்டிரைக் கொண்டனர் என்றே வருகின்றது. காஞ்சியிலிருந்து நடந்து வந்தவர் ஆடவர். மலையில் அவரை எதிர்கொண்டவர் மகளிர். அம்மகளிர்க்குத் தாயும் பாட்டியும் எங்கே பிறந்தனர்? கதை அதனைக் கேட்கவில்லை. தந்தையர் நிரலை மட்டும் எண்ணி, ‘யாம் காஞ்சிபுரத்தார்’ என்று முடித்துக் கொள்கின்றது. தாயர் நிரலை எண்ணினால் அதே மக்கள் ஓரியின் காலத்தார் ஆகவும் கூடும்.

சென்ற கோடை விடுமுறையில் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்றிருந்த மலைப் பெரியவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேச்சுக் கொடுத்தோம். ‘ஐயா, உங்கள் முன்னோர் எந்த ஊர்?’ என்றதற்கு, ‘காஞ்சிபுரம் தம்பி, பாட்டன் பூட்டன் சொன்னது’ என்று தயக்கமின்றிக் கூறினார். ‘அம்மா வழியில்?’ என்றோம். அவர் எம்மை வியப்போடு நோக்கி, ‘அம்மாவா? அரியூர் நாடு’ என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு மிளகு நிறுக்கத் தொடங்கினார். அவர் கூறியது தம் தாய் பிறந்த ஊரை மட்டுமே. ஆயினும் எம் வினாவிற்கு அதனினும் பொருத்தமான விடை வேறில்லை.

இவ்வாறு தந்தை வழியை மட்டும் எண்ணும் வழக்கம் நம் நாட்டிற்கே உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் கோசா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். அப்பெயரின் முதலெழுத்தை அவர்கள் நாவைக் கன்னப்புறத்தே சொடுக்கி ஒலிப்பர். தமிழெழுத்தில் அதனை எழுதிக்காட்ட இயலாது. கோசர், தெம்பு, ம்போண்டோ, ம்போண்டோமிசே எனப் பல குடிகளாக அவர்கள் பிரிந்துள்ளனர். நெல்சன் மண்டேலா தெம்புக் குடியினர். ம்போண்டோ, ம்போண்டோமிசே என்னும் இருவரும் ஒரு தந்தைக்குப் பிறந்த இரட்டையர் என்றும், இரு குடிகளும் அவர் வழிவந்தவை என்றும் அம்மக்கள் கூறுவர். நம் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் கதையை ஒத்ததே இது. அண்டை வாழும் இரு குடிகளின் உறவை உடன்பிறப்பாக்கிக் காட்டுதல் உலகெங்கும் உள்ள வழக்குப் போலும். அரசர் நிரலை எண்ணினால் அம்மக்கள் வடக்கிலிருந்து வந்த பாண்டு மொழிக் குடியினராவர். ஆனால் அவர்தம் மொழியிலுள்ள சொடுக்கொலிகள் பாண்டு மொழிகளுக்கு இயல்பானவை அல்ல. அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்த கொய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. கோசாக் குடிகளுள் ஒன்றாகிய குனுக்குவேபே குடியினர் கோசரும் கொய் மக்களும் கலந்து உண்டானவரே. கலப்பு மணமும் ஒருங்கு வாழ்தலும் நெடுங்காலம் நிகழாமல் ஒரு மொழியின் ஒலியே மாறுதல் அரிது. தலைவர் நிரல் மறைத்ததை நாக்கு மறைக்கவில்லை.

‘எப்போது வந்தீர்?’ என்னும் வினா வெறும் கல்வி வினாவன்று என்பதற்கும் அந்நாடே சான்று. 1652இல் ஒல்லாந்தர் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் கறுப்பின மக்களும் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தனர். ஆகவே நிலம் இருவர்க்கும் ஒப்பப் புதிது என்று வெள்ளையர் எழுதிய வரலாற்று நூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. அக்கூற்றைக் கப்பல் உடைந்து கரையேறியவர் எழுதிவைத்த குறிப்புக்கள் பொய்யாக்கின. 1593இல் உடைந்த சாந்தோ அல்பெர்த்தோ என்னும் போர்த்துக்கீசியக் கப்பலில் தப்பியவரும், 1686இல் உடைந்த ஸ்தாவெனிஸ்ஸே என்னும் ஒல்லாந்தக் கப்பலின் மாலுமிகளும் அக்கரையில் ஆடுமாடு மேய்த்தும் சோளம் விளைத்தும் வாழ்ந்த மக்களைக் கண்டு எழுதியுள்ளனர். மோனிக்கா வில்சன் என்னும் அறிஞர் 1959இல் இக்குறிப்புக்களைத் திரட்டி அம்மக்களின் தொன்மையை நிறுவினார். பின்னர் அகழ்வாய்வுகள் இரும்புக்கால உழவர் அப்பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வாழ்ந்தனர் எனக் காட்டின. பிந்தி வந்தாரென்று சொல்வது ஒருவர் நிலத்தைப் பிடுங்குதற்கு ஏற்ற கருவியாயிற்று என்பதை அங்குக் கண்டோம்.

கொல்லிமலையிலும் அக்கருவி இல்லாமலில்லை. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தின்கீழ்க் காடுகள் ஒதுக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாய் விறகும் தேனும் கிழங்கும் எடுத்தவர் தம் சொந்தக் காட்டில் அயலாராயினர். 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டமோ, பழங்குடியினராயின் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன் நிலத்தைப் பயன்கொண்டிருத்தல் போதும் என்கின்றது. பழங்குடியல்லாதார் எழுபத்தைந்து ஆண்டு அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். ஆகவே ‘யாம் காஞ்சிபுரத்து வேளாளர்’ என்று பெருமையோடு கூறும் கதையை ஒருவர் எழுத்துக்கெழுத்து வரலாறாகக் கொண்டு, ‘அங்ஙனமாயின் நீர் பழங்குடியல்லீர்’ என வாதிடவும் இடமுண்டு. அவ்வாதம் பிழைபட்டது. தாயர் நிரல் ஒருபுறமிருக்க, பழங்குடி என்னும் பெயரைச் சட்டம் கொடுப்பது ஊர்விட்டு ஊர் வந்த நாளைக் கணக்கிட்டன்று. ஒரு மக்களினத்தின் தனித்த வாழ்வும், ஒதுங்கிய நிலைமையும், பின்தங்கிய வாழ்க்கையும் நோக்கியே.

அத்தனித்த வாழ்வின் அமைப்பைச் சிறிது கூறுவோம். கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என அவை பெயர்பெறும். இன்று ஊராட்சிகளின் பெயர்களாகவும் அவையே நிற்கின்றன. சோழர் கல்வெட்டுக்களில் நாடு என்பது சிற்றூர் பல அடங்கிய ஒரு பகுப்பு. சமவெளியில் அப்பகுப்பு அழிந்து பலநூறு ஆண்டாகியும், இம்மலைமேல் அப்பெயர் அரசாங்கப் பதிவேட்டிலேயே உயிரோடு உலவுகின்றது. கல்வெட்டுப் பயிலும் மாணவர்க்கு இதனினும் இனிய செய்தி வேண்டுமோ! நாட்டுக்குப் பட்டக்காரரும், ஊருக்கு ஊர்க்கவுண்டரும், அவர்க்குத் துணையாகக் காரியக்காரரும் இருந்து வழக்குத் தீர்த்தலும், திருமணம் முடித்தலும், விழாவுக்கு நாள் குறித்தலும் செய்து வந்தனர். மாசி பெரியண்ணன் என்னும் தெய்வத்தை மலையாரும் சமவெளியாரும் வழிபடுகின்றனர். கதையிலே பெரியண்ணன் சேர்வராயன் மலைக்குச் சென்றான் என்றிருக்க, கொல்லிமலையில் அப்பெயரோடு தெய்வம் நிற்பது சிந்தித்தற்குரியது.

இம்மக்கள் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தமைக்குக் காரணம் மலையின் உயரம் மட்டுமன்று, காய்ச்சலுமாகும். கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மேட்டுநிலம் இருப்பினும், அதற்கு ஏறும் அடிவாரக் காடு முழுதும் மலேரியாவின் இருப்பிடமாயிருந்தது. வரி தண்டுவோரும் வணிகரும் இரவு தங்க அஞ்சினர். அக்காய்ச்சலை அறிந்தே மலையேறியவர் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேய மிஷனெரி. அவர் 1913இல் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் அம்மையாரை மணந்து, இருவருமாய் வாழவந்தியில் குடியமர்ந்தனர். மருந்து கொடுத்தலும், பள்ளி நடத்தலும், பயிர்த்தொழில் கற்பித்தலும் அவர்தம் பணிகள். 1914 ஜூலை 17இல் அவர்க்குப் பிறந்த மகனே, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய பால் பிராண்டு. ஜெஸ்ஸி பிராண்டு 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். அது மலேரியாவின் கொடிய வடிவம். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டகலாது உழைத்து, 1974 டிசம்பரில், தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்தார். மலையார் வரலாற்றை எழுதுவார் இவ்விருவரையும் விடுத்து எழுதுதல் ஆகாது. ஆயினும் மலையார் வரலாறு 1913இல் தொடங்கிற்று என்பது போலச் சிலர் எழுதுவதும் தவறே.

1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுப் பணியால் காய்ச்சல் குறைந்தது. பின்னர்க் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளோடு மோட்டார் பாதை ஏறியது. பாதை வந்ததும் பயிரும் மாறிற்று. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைத் தம் உணவுக்கு விளைத்தவர், சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளிக் கிழங்கைப் பணத்துக்கு விளைக்கலாயினர். சிறுதானியங்களின் பழைய வகைகளைப் பேணுதற்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் பல்லாண்டாய்ப் பணியாற்றி வந்துள்ளது. சங்கப் புலவர் பாடிய தினைப்புனத்தைக் காண விழைவார், இனி அதனை முயன்று தேடியே காணல் வேண்டும். மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் பலாமரமும் வேண்டிய அளவு காணலாம். முன்னாளில் தலைச்சுமையாய்ப் பேளுக்குறிச்சிக்கு இறங்கிய சரக்கு இப்போது வண்டிகளில் இறங்குகின்றது. கொல்லிமலை இன்று தனி வட்டமாகவும் உள்ளது.

பெயர் பற்றிய குழப்பம் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் வாழும் மலையாளிகளே பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தவர். நாமக்கல் 1997இல் சேலத்தினின்று பிரிந்ததாதலின் கொல்லிமலையார்க்கு இதனால் குறைவில்லை. ஆனால் அப்பட்டியலில் கோயம்புத்தூர் மாவட்டம் இடம்பெறவில்லை. ஈரோடு அதனின்று பிரிந்தது. ஈரோட்டைச் சார்ந்த பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், பெயரும் வழக்கமும் ஒத்திருந்தும் அப்பட்டியலுக்குப் புறம்பாயினர். தம்மையும் சேர்க்குமாறு நெடுங்காலமாய் அரசாங்கத்தை வேண்டி வந்துள்ளனர்.